உள்தாழ்ப்பாள்

துளசிராம் இன்ஜினியர் எழுதித் தந்த எஸ்டிமேட்
நாலு பக்கம்.
அஞ்சாம் பக்கம் நான் எழுதியது.

நத்தம் ரோட்டில், ஊமச்சிகுளம் தாண்டி
மூன்று சென்ட்.
எண்ணூற்று ஐம்பது சதுர அடி,
அடிக்கு இரண்டாயிரத்து இருநூறு.
பதினெட்டு லட்சத்து எழுபதாயிரம்.
வங்கி பதினாலு தரும்.
மிச்சத்தை யார் தருவார் என்பதற்கு
அந்த நாலு பக்கத்தில் கட்டம் இல்லை.

நான் கட்டம் போட்டேன்.
விளக்குத்தூண் ஜவுளிக்கடையில்
பதினோரு வருஷமாய் பில் போடுகிற கை.
கோடு கோணாது.

அம்மா போட்ட இரட்டை வடச் சங்கிலி
அஸ்திவாரத்துக்குள் போனது.
வளையல் நாலும்
லிண்டல் மட்டத்தில் வெயில் காய்கின்றன.
சோலைமலையின் சீட்டுப் பணம்
அறுநூற்று இருபது அடி இறங்கி
கொஞ்சம் ஈரப் புழுதியை மேலே அனுப்பிவிட்டு
அங்கேயே தங்கிவிட்டது.
இன்னும் அறுபது அடி போனால் நிச்சயம் என்றார் போர்க்காரர்.
அவர் யாரிடமும் ஐம்பது என்று சொன்னதில்லை.

அழகர் ஆற்றில் இறங்கிய வாரம்
கொத்தனார் ஒச்சப்பன் வரவில்லை, சித்தாள் வரவில்லை.
சென்ட்ரிங் பலகைக்கு மட்டும்
நாள் வாடகை ஓடிக்கொண்டிருந்தது.
சாமிக்கு எந்தத் தலைப்பில் எழுதுவது?
'இதர' என்று எழுதினேன்.

வெட்ட ஆரம்பித்தோம்.
போர்டிகோ போச்சு.
தேக்கு நிலை வேம்பானது.
முகப்பு வளைவு நேராகி
அதில் மட்டும் இருபத்தாறாயிரம் நிமிர்ந்தது.

"பாத்ரூம்லயும் கொஞ்சம் கை வையேன்,
மூணு பேருக்கு எதுக்கு ரெண்டு?
டைல்ஸ் ஏழடி ஏத்தணுமா, நாலடி போதாதா?"
பென்சில் காதுக்குப் பின்னால் இருந்தது.
எடுக்கவில்லை.

வில்லாபுரம் காம்பவுண்டில் எட்டு வீடு,
ஒரு குளியலறை.
தகரக் கதவு. கொக்கி கழன்று எந்தக் காலமோ.
உள்ளே ஒரு செங்கல் அண்டக் கொடுத்து
செங்கல் மேல் இடது கால்,
கதவில் இடது கை,
மிச்ச உடம்பால் குளிப்போம்.
வெளியே செருப்புச் சத்தம் கேட்டால் இருமுவோம்.
இருமல்தான் தாழ்ப்பாள்.

மகள் கனிகா வயசுக்கு வந்த வருஷம்
சளி இல்லாமல்
இருமப் பழகினாள்.

இதைச் சொல்லவில்லை அவரிடம்.
"அந்த வரியைத் தொடாதீங்க" என்றேன், அவ்வளவுதான்.
அவர் நோட்டை வாங்கி
ஏ.சி.க்குப் போட்ட தொகையை அடித்தார்.
அடித்த இடத்தில் தாள் கிழிந்தது.

அப்புறமும் ஒருமுறை உடைத்தோம்.
தரையில் கோலிக்குண்டை விட்டுப் பார்த்தால்
வடிகாலுக்குப் போகாமல் வாசலுக்கு உருண்டு வந்தது.
ஒச்சப்பன் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.
"வாட்டம் தப்பிருச்சுத்தா. கூலி வேண்டாம்,
டைல்ஸும் சிமெண்டும் மட்டும் வாங்கிக் குடுங்க."
ஒன்பதாயிரத்து நானூறு.
கூலியில் பாதி கொடுத்தேன்,
அவர் எண்ணாமல் மடித்தார்.

எஃகுத் தாழ்ப்பாள் இரண்டு, அறுநூற்று எண்பது.
பேரம் பேசாமல் வாங்கிய ஒரே சாமான்.

கணக்கு மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரம் எகிறி நிற்கிறது.
வெளிச்சுவர் பூசவில்லை.
தெருவில் போகிறவர்கள்
வேலை நடக்குதா என்று கேட்கிறார்கள்,
நடக்குது என்கிறோம்.
தண்ணீர் லாரிக்கு வாரம் எண்ணூறு.

முதல் நாள் நான் குளித்தபோது
பழக்கத்தில் இருமிவிட்டேன்.
ஏழடி டைல்ஸ் அதைத் திருப்பி என்னிடமே கொடுத்தது.

இன்று ஞாயிறு.
கனிகா உள்ளே போய் நாற்பது நிமிஷம்.
லாரித் தண்ணீர் கொட்டுகிற சத்தம்
எனக்கு ரூபாயாய்த்தான் கேட்கிறது.
சோலைமலை கதவைத் தட்டக் கையை ஓங்கினார்.
பார்த்தேன்.
இறக்கிக்கொண்டு
செருப்பைச் சரட்சரட்டென்று தேய்த்து நடந்தார்,
கதவுக்கு முன்னால்,
இரண்டு தரம்.

உள்ளே
அவள் இருமவில்லை.